கோரமண்டலில் இறங்க வேண்டிய கங்கம்மா

ஷைலா எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது கோலார் தங்க வயலின் மைசூர் மைன்ஸ் பக்கம் எல்லோருக்கும் தெரியும். என்ன எம்.ஏ. என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பிணக்குத் தீர்வு என்று தமிழில் சொல்லிப் பார்த்தாள். கான்ஃப்ளிக்ட் ரெசல்யூஷன் என்று ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தாள். அவள் அம்மா அமலா, கணக்கு டீச்சர். சர்ச்சில் சபையார் யாராவது கேட்டால், "லா மாதிரி, ஆனா கோர்ட்டுக்குப் போவ வேணாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டு வெங்கடம்மா மட்டும் பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கன்னு சொன்னா முடிஞ்சிடும். அதுக்கு ரெண்டு வருஷமா?" என்றாள்.

ஷைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஜெனீவா மேல் கண். நீளமான மேசை, இரு பக்கமும் கோட்டு போட்ட தலைவர்கள், நடுவில் தண்ணீர்க் குவளையோடு தான். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய், சாயந்திர ரயிலில் திரும்பி வரும்போதெல்லாம் அந்த மேசையைத்தான் நினைத்துக்கொள்வாள்.

ஜெனீவாவுக்கு முன்னால் ஒரு களப்பணி இருந்தது. நிஜமான ஒரு பிணக்கைக் கண்டுபிடித்து, இரு தரப்பையும் பேச வைத்து, முடிவை எழுதி, இரு தரப்புக் கையெழுத்தோடு ஜனவரி கடைசித் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்களில் ஒருத்திக்கு ஏரி நிலத் தகராறு கிடைத்துவிட்டது. இன்னொருவனுக்கு இரண்டு கிராமத்துத் தண்ணீர்ச் சண்டை. ஷைலாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கோலார் தங்க வயலில் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு போய் விசாரித்தால், எல்லா வீட்டிலும் ஒரே பதில்: சண்டையா, எங்க வீட்டுலயா? அதைச் சொல்லும்போதே உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும்.

கடைசியில் பிணக்கு அவள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது, தினமும் சாயந்திரம் இரண்டரை மணி நேரம்.

மாலை ரயிலில் கடைசிக்கு முந்தின பெட்டியில் ஒரு பெஞ்சு ஜோடி உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, தலைக்கு நேர் மேலே, பெட்டியிலேயே நன்றாக எரியும் ஒரே விளக்கு. அதில் வருடக்கணக்காகச் சைலஸ் உட்கார்ந்துவந்தார். வயது ஐம்பத்தேழு. பெங்களூருவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க், சாம்பியன் ரீஃப்ஸ் சபையில் கமிட்டி மெம்பர். ரயில் கிளம்பியதும் தன்னோடு வரும் மூன்று பேரின் முழங்கால்மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் ஆட ஆரம்பித்துவிடுவார். பங்காரப்பேட்டை தாண்டி அவர் ஊர் வரும்வரை ஆட்டம் நடக்கும்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அந்த நாலு பேரும் பெட்டிக்குள் ஏறிப் பார்த்தால், அவர்கள் இடத்தில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். கூடவே அவளோடு கார்மென்ட்ஸில் வேலை செய்யும் ஐந்து பெண்கள். மடியில் ஊறவைத்த அவரைக்கொட்டை. கங்கம்மாவுக்கு ஐம்பது வயது, லைன் சூப்பர்வைசர், பாலகாட்டில் வீடு, இறங்குவது கோரமண்டல் ஸ்டேஷனில். அவள் ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்க, பருப்பு டப்பாவில் விழுந்தது. சைலஸ் இடம் கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. அன்று முதல் யார் முதலில் ஓடி ஏறுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம் என்று ஆனது. துண்டு போடுவது, பை எறிவது, ஜன்னல் வழியே குடையை நுழைப்பது என்று யுத்தம் வளர்ந்தது. சில நாள் பாதிப் பெஞ்சு இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. அந்த நாட்களில் பிதுக்கின பருப்பு பறந்துபோய்ச் சீட்டின்மேல் விழும். துருப்பு ராணியின் முகத்தில் அவரைப்பருப்பு ஒட்டியிருந்த அன்று சைலஸ் பலகையை மடக்கிவைத்துவிட்டு மீதித் தூரம் நின்றுகொண்டே வந்தார்.

ஷைலா இரு தரப்பிடமும் போனாள். சைலஸ் உடனே சம்மதித்தார், தன் பக்கமே ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில். கங்கம்மாவும் சம்மதித்தாள். "டீச்சரம்மா பொண்ணு, நியாயம் தெரிஞ்சவ" என்று மற்றப் பெண்களிடம் சொன்னாளாம். இருவரும் தன்னை நீதிபதி என்று நினைத்திருக்கிறார்கள் என்பது ஷைலாவுக்கு அப்போது புரியவில்லை.

முதல் பேச்சுவார்த்தை ரயிலிலேயே. பாடத்தில் ஒரு முறை சொல்லியிருந்தார்கள். ஒரு பொருளை வைத்துக்கொள்ள வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும். ஷைலா ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து விதியை விளக்கி, பெண்கள் முதலில் என்று கங்கம்மாவிடம் கொடுத்தாள். அப்போது ரயில் ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனில். கங்கம்மா பேனாவை வாங்கி ரவிக்கையில் செருகிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மாலூர் வந்தது, போனது. தன் கல்யாணம், கம்பெனி மேனேஜர், முழங்கால் வலி, இந்த ஊர் ஆம்பளைகளின் பொதுவான குணம் எல்லாம் வந்தது. டைக்கல் தாண்டும்போது சைலஸ் கையை நீட்டினார். பேனா தரப்படவில்லை. அவரும் விதியை மீறக் கூடாதே என்று பங்காரப்பேட்டை வரை வாயைத் திறக்காமல் வந்தார். ஷைலா தன் குறிப்பில் 'இரண்டாம் தரப்பு மிகுந்த பொறுமை காட்டியது' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் கால அட்டவணை போட்டுப் பார்த்தாள். திங்கள், புதன், வெள்ளி சீட்டுக்கு. செவ்வாய், வியாழன், சனி அவரைக்கு. கங்கம்மா, சனிக்கிழமை அரை நாள் ஷிஃப்டு, தான் இந்த ரயிலில் வருவதே இல்லை, ஆகவே இது மோசடி என்றாள். சைலஸ், வெள்ளிக்கிழமை தனக்கு உபவாச ஜெபம், அன்று சீட்டைத் தொடுவதில்லை, ஆகவே இதுவும் மோசடி என்றார். அட்டவணை போட்டவளை இரண்டு தரப்பும் ஒரே மாதிரி பார்த்தது.

ஷைலா தன் பேராசிரியை மமதா மேடத்திடம் போய் உட்கார்ந்தாள். மேடம் அவள் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளக்கு பல வருடமாக அங்கேயேதான் இருக்கிறது, சண்டை ஏன் நவம்பரில் ஆரம்பித்தது? தனித்தனியாகப் பேசிப் பார் என்று ஒரு படிவத்தையும் கொடுத்தனுப்பினார். தனியாகச் சொல்வதை மத்தியஸ்தர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்ற உறுதிமொழிப் படிவம். மத்தியஸ்தர் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஷைலா பாலகாட்டுக்குப் போனாள். கங்கம்மா டீ போட்டுக் கொடுத்து, படிவத்தை வாங்கி, டம்ளருக்கு அடியில் வைத்தாள். நவம்பரில் என்ன நடந்தது என்று கேட்டதும் அவள் குரல் மாறியது. மற்றப் பெண்கள் எல்லோரும் பங்காரப்பேட்டையில் இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் பெட்டியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் சைலஸும் கூட்டாளிகளும்தான். ஒரு நாள் அசதியில் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது ரயில் மாரிகுப்பத்தில், கடைசி ஸ்டேஷனில், காலியாக நின்றுகொண்டிருந்தது. பெட்டி கூட்டுகிற ஆள்தான் எழுப்பினானாம், துடைப்பத்தால். மகன் பாபு கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் வந்து கூட்டிப்போனான். இன்றுவரை வீட்டில் அவளுக்கு 'மாரிகுப்பம் ஃபாஸ்ட்' என்று பெயர்.

"எட்டு வருஷமா ஒரே பெட்டியில வர்றோம், கண்ணு. சைலஸ்ணா சைலஸ்ணான்னு கூப்டுவேன். கோரமண்டல்ல நான் எறங்கணும்னு அந்த ஆளுக்குத் தெரியும். நாலு ஆம்பளைங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருந்தாங்க. ஒருத்தன் எழுப்பல. சீட்டு பெருசாப் பூடுச்சு" என்றாள்.

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. ஷைலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வருத்தத்தால் அல்ல, ஆராய்ச்சிக்காரியின் சந்தோஷத்தால். வெளியே தெரியும் சண்டை வேறு, உள்ளே இருக்கும் காயம் வேறு என்று பாடத்தில் படித்தது இதோ டீ டம்ளருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

மறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், ராபர்ட்சன்பேட்டை பேக்கரி ஒன்றில் சைலஸைப் பிடித்தாள். உறுதிமொழிப் படிவத்தை நீட்டி, அதன் மகத்துவத்தைக் கால் மணி நேரம் விளக்கினாள். உயிரே போனாலும் மத்தியஸ்தர் சொல்லக் கூடாது, பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது என்றாள். சைலஸ் அதை இரண்டு முறை படித்து, அவள் கையெழுத்தைச் சரிபார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார்.

"நான் எழுப்பனேம்மா" என்றார்.

ஷைலா பன்னை வைத்துவிட்டாள்.

"முந்தின ஸ்டேஷன் பெமல் நகர் தாண்டனதும் எழுந்துபோய், தோளத் தட்டி, 'கங்கம்மா, ஸ்டேஷன்'னேன். கண்ணத் தொறக்காமயே உட்டா பாரு ஒரு அறை. என் கண்ணாடி பெஞ்சுக்கு அடியில போய் உழுந்துச்சு. அட்ச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி மறுபடி தூங்கிட்டா."

கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கோரமண்டல் போய்விட்டது. கூட்டாளிகள் தங்கள் சீட்டிலேயே கண்ணாக இருந்தார்களாம். என்ன சத்தம் என்று கேட்டவர்களிடம், துருப்பை ஓங்கி இறக்கினேன் என்று சொல்லிவிட்டார். அப்போது இறக்கியது ஸ்பேட் ஏழு, ஆட்டத்திலேயே ரொம்பச் சின்னச் சீட்டு.

இதை ஏன் அவளிடமே சொல்லவில்லை என்று ஷைலா கேட்டாள். சைலஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூங்கற பொம்பளைய எழுப்பனேன், அவ அறைஞ்சான்னு சொன்னா, ஊர்ல அறைஞ்சது மட்டும்தான் நிக்கும். எழுப்பனது நிக்காது. நான் கமிட்டி மெம்பர்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "நீயும் சொல்லக் கூடாது. கையெழுத்து போட்டுட்ட."

அன்றிலிருந்து ஷைலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தால் தீரக்கூடிய பிணக்கு அது. அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சாயந்திரம் சாயந்திரம் கங்கம்மா, "அந்தக் கல்நெஞ்சுக்காரன்" என்று தொடங்குவாள். ஷைலா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். உங்களுக்குத் தூக்கத்தில் ஏதாவது பழக்கம் உண்டா என்று கங்கம்மாவிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது; ரகசியம் இன்னதென்று சொல்லாமல், ஜாடை காட்டலாமா என்று மட்டும் மமதா மேடத்திடம் யோசனை கேட்டாள். அதுவும் சொன்னதற்குச் சமம் என்றார் மேடம். அனுமதி வாங்கு, வேறு வழியில்லை என்றார். ஷைலா சைலஸிடம் மூன்று முறை அனுமதி கேட்டாள். மூன்று முறையும் அவர் சட்டைப் பையைத் தொட்டார். அந்தப் படிவத்தைத் துவைக்கப் போடும் சட்டையிலிருந்து அடுத்த சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். கமிட்டித் தீர்மானங்களைக்கூட அவர் அப்படிப் பாதுகாத்ததில்லை.

ஜனவரியில் கடைசிக்கு முந்தின வியாழக்கிழமை. கங்கம்மாவின் கம்பெனியில் அவசர ஆர்டர், நாலு நாளாகக் கூடுதல் வேலை. பங்காரப்பேட்டையில் மற்றப் பெண்கள் இறங்கினார்கள். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் கங்கம்மா தூங்கிவிட்டாள். மடியில் டப்பா, கையில் பாதி பிதுக்கின கொட்டை.

ரயில் பெமல் நகரில் நின்று கிளம்பியது. பெஞ்சின் மறு பாதியில் ஆட்டம் நின்றுவிட்டது. சைலஸ் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஷைலாவைப் பார்த்தார். ஷைலா அவரைப் பார்த்தாள். அவர் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். செத்தாலும் தான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை என்று அர்த்தம்.

எழுப்பாமல் விட்டால் கங்கம்மா மறுபடி மாரிகுப்பம். அதோடு சமாதானத்துக்குச் சங்குதான், களப்பணிக்கும். எழுப்ப வேண்டியதுதான். தூரத்தில் நின்று சைலஸின் குடையால் தொடலாமா என்று ஷைலாவுக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் குடையை எடுத்தால் ஏன் குடை என்ற கேள்வி வரும். தனக்கு ஏதோ தெரியும் என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒன்றுமே தெரியாத ஒரு பெண் எப்படிப் போய் எழுப்புவாளோ அப்படித்தான் அவள் எழுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். அருகில் போய்க் குனிந்து, "அக்கா, ஸ்டேஷன்" என்று தோளைத் தொட்டாள்.

அறை விழுந்த சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஷைலா எதிர்ப்பெஞ்சில் பிளைவுட் பலகையின்மேல் உட்கார்ந்திருந்தாள். எப்படி அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கங்கம்மா கண் திறக்காமல் அந்தப் பக்கம் திரும்பித் தூங்கப் போனாள். ஆனால் அதற்குள் சைலஸ் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஞானஸ்நானம் எடுத்தவனின் பிரகாசம்.

"பாத்தீங்களா" என்றார் பெட்டி முழுவதையும் பார்த்து. "எல்லாரும் பாத்தீங்க இல்ல. இதே கன்னம். எனக்கும் இதே கன்னம்தான். நான் எழுப்பனேன். நவம்பர்ல நான் எழுப்பனேன்." இரண்டு மாதமாகப் பூட்டிவைத்திருந்ததை ஒரே மூச்சில், கண்ணாடி விழுந்தது முதல் ஸ்பேட் ஏழு வரை, கொட்டித் தீர்த்தார். கூட்டாளிகள் மூன்று பேரும் ஸ்பேட் ஏழைப் பற்றி மட்டும் ஆச்சரியப்பட்டார்கள்.

கங்கம்மா விழித்துக்கொண்டாள். ஷைலாவின் கன்னத்தைப் பார்த்தாள். நாலு விரலும் பதிந்திருந்தது. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சைலஸைப் பார்த்தாள். ரயில் கோரமண்டலில் நின்றது. யாரோ "அம்மா, உங்க ஸ்டேஷன்" என்று சொன்னதற்கு, "போனா போவட்டும், இரு" என்று சொல்லிவிட்டு, "நெஜமாவாண்ணா?" என்று கேட்டாள்.

கோரமண்டல் போயிற்று. ஊர்காம் போயிற்று. சாம்பியனில் சைலஸ் இறங்கியிருக்க வேண்டும், அவரும் இறங்கவில்லை. மாரிகுப்பம் பிளாட்ஃபார்ம் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். கங்கம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ரூமில் ஏழு பிள்ளைகள் படுத்த, சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள் அவள். அங்கே தூக்கத்தில் யார் கை யார்மேல் விழும் என்று கணக்கே கிடையாது. இன்றைக்கும் பாபு கதவருகே நின்றுகொண்டு, துணி காயப்போடும் குச்சியால் காலைத் தட்டித்தான் எழுப்புவானாம்.

"வீட்டு ஆளுங்கள அடிப்பேன்னு தெரியும். வெளி ஆளுங்களையும் அடிப்பேன்னு தெரியாதுண்ணா" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "தப்பா நெனச்சிட்டேன்" என்றாள்.

சைலஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானும் அடுத்த நாளே சொல்லியிருக்கலாம், கௌரவம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஷைலாவுக்கு அந்த நிமிஷம் எந்தப் பாடமும் ஞாபகம் வரவில்லை. கன்னம் எரிந்தது. சும்மா இருந்தாள். ஒரு மத்தியஸ்தர் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று பின்னால் அறிக்கையில் எழுதினாள்.

ஒப்பந்தத்தைச் சைலஸே எழுதினார், கமிட்டித் தீர்மான நடையில். முதலாவது, மேற்படி பெஞ்சில் ஜன்னல் பக்கம் அவரையும் வழிப் பக்கம் சீட்டும் நடைபெறும்; பறக்கும் பருப்புக்கு யாரும் பொறுப்பல்ல. இரண்டாவது, பெமல் நகர் தாண்டியதும் சீட்டாடுவோர் கங்கம்மாவைக் குடையால், இரண்டடி தூரத்தில் நின்று, காலில் தட்டி எழுப்ப வேண்டும். மூன்றாவது, நடந்துவிட்ட அறைகளுக்காகக் கங்கம்மா, சைலஸுக்கும் ஷைலாவுக்கும் ஆளுக்கு ஒரு டப்பா பிதுக்குப் பருப்புக் குழம்பு தர வேண்டும். மூன்றாவது வேண்டாமே, தான் நடுநிலை என்று ஷைலா கெஞ்சினாள். அடி வாங்கின பிறகு என்ன நடுநிலை என்று கேட்டுவிட்டு கங்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. மூன்றாவது ஷரத்தின்படி மத்தியஸ்தரே ஒரு தரப்பாகிவிட்டார், பயனும் பெற்றிருக்கிறார் என்று வெளித் தேர்வாளர் ஒருவர் ஐந்து மதிப்பெண் குறைத்தார். ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே அறை வாங்கிய மாணவியைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று மமதா மேடம் அதில் நாலைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்.

ஜெனீவாவுக்கு ஷைலா அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒரு மரியாதையான கடிதம் வந்தது, அவள் விவரங்களைக் கோப்பில் வைத்திருப்பதாக. ஜூன் மாதம் பெங்களூருவில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்காக மத்தியஸ்தம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல். நீங்கள் தீர்த்த பிணக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னாள். கேட்ட மூன்று பேரில் இரண்டு பேருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாமவர், ஒரு ரிட்டயர்டு கர்னல், சிரிக்காமல், அந்தக் குடை தூரத்தை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது.

அமலாவுக்கு மகள் வேலைக்குப் போவதில் சந்தோஷம்தான், வேலை என்ன என்று சொல்வதில்தான் இன்னும் சிரமம். முதல் கேஸ், பதினாலாவது மாடியில் இரண்டு வீட்டுக்கு நடுவில் வைத்த ஒரு செருப்பு ஸ்டாண்டு. இரு பக்கமும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். ஷைலா லிஃப்ட்டில் ஏறிப் போய் இரு கதவுக்கும் நடுவில் நின்றாள். எந்த மணியை முதலில் அடித்தாலும் பாரபட்சமாகிவிடுமே என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கைகள் இரண்டையும் நீட்டி, இரண்டு மணியையும் ஒரே சமயத்தில் அடித்தாள்.